மிளகாயும் ரெண்டு நாள் எலிக்குட்டியும்

வழக்கம்போல இந்த எபிசோடையும் திருநின்றவூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்துதான் பதிவு செஞ்சேன். நடுநடுவே நெமிலிச்சேரி பக்கம் போற மின்சார ரயிலோட ஹாரன் கேட்கும். எடுத்துப் பார்த்தேன், முழுசா போகல. எழுத்து வடிவத்துல படிக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்தத் தலைப்பு எப்படி வந்ததுன்னு முதல்ல சொல்லிடறேன். வெயில் ஏற ஆரம்பிச்சதும் எங்க வீட்டுல சாம்பார் பொடிக்கு மிளகாய் காய வைப்பாங்க. மாடியில காய்ஞ்சதை அம்மா வாணலியில போட்டு லேசா வறுத்தாங்க. வீடு பூரா நெடி. ஆபீஸ் கால்ல இருந்த நான் ஹெட்போனைக் கழட்டி எறிஞ்சிட்டு இருமிக்கிட்டே வாசலுக்கு ஓடினேன். பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு பக்கத்து வீட்டுக்கே போயிட்டா. அம்மா மட்டும் அடுப்புகிட்ட நின்னு நிதானமா கிளறிக்கிட்டு இருந்தாங்க. "இதுக்குப் போய் இப்படி ஓடுறியேடா" அப்படின்னு ஒரு சிரிப்பு வேற.

அதே வாரம்தான் குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி. ஊசி இறங்கினதும் அது கத்தின கத்தல்ல அக்காவும் அழுதுட்டா. வரிசையில எங்களுக்குப் பின்னாடி இருந்த ஒரு பெரியம்மா சமாதானம் சொன்னாங்க. "பச்ச மண்ணுக்கு என்னம்மா தெரியும்? இப்ப அழும், அப்புறம் மறந்துடும்."

அம்மாவுக்கு ஏன் நெடி உறைக்கல? பச்சைக் குழந்தையோட உடம்பு வலியை நிஜமாவே மறந்துடுமா? ரெண்டும் வேற வேற கேள்வின்னுதான் நினைச்சேன். ராத்திரி உட்கார்ந்து படிக்கப் படிக்க, ரெண்டும் ஒரே ஆய்வகத்துல போய் முட்டுது. அந்த ஆய்வகம் ஹங்கேரியில, செகெட்னு ஒரு ஊர்ல இருந்தது.

அதுக்கு முன்னாடி மிளகாயைப் பத்திக் கொஞ்சம். மிளகாய் நம்ம ஊர்ச் செடி இல்லைன்னு பலருக்கும் தெரியும். அமெரிக்கக் கண்டத்துல பிறந்து, போர்த்துகீசியர் கப்பல்ல 16-ஆம் நூற்றாண்டுல இந்தியக் கரைக்கு வந்தது. அதுவரைக்கும் நமக்குக் காரம்னா மிளகுதான். புதுசா வந்த காய்க்கும் மிளகு பேரையே ஒட்டி மிளகாய்னு வெச்சோம். இன்னைக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடே இருக்கு.

இந்தக் காய்க்குள்ள எரியறது எதுன்னு ஐரோப்பிய வேதியியலாளர்கள் தேட ஆரம்பிச்சது 19-ஆம் நூற்றாண்டில். 1816-ல் பூக்கோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் அதைச் சுத்தமில்லாத வடிவத்தில் பிரித்தெடுத்தார். 1876-ல் ஜான் த்ரெஷ் என்ற ஆங்கிலேயர் அதற்கு கேப்சைசின் என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு சில பத்தாண்டுகள் இது வேதியியல் கதைதான், வேகமாகத் தாண்டிவிடலாம்.

செகெட் ஊருக்கு வருவோம். ஹங்கேரியின் பாப்ரிகா மிளகாய்க்குப் பேர்போன ஊர் அது. நம்ம குண்டூர் மாதிரின்னு வெச்சுக்குங்க. வைட்டமின் சி-க்காக 1937-ல் நோபல் பரிசு வாங்கிய ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி அந்த ஊர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர்தான். ராத்திரி மனைவி சாப்பிட வெச்ச பாப்ரிகாவைச் சாப்பிடப் பிடிக்காம ஆய்வகத்துக்கு எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சுப் பார்த்தேன், அதுல வைட்டமின் சி கொட்டிக் கிடந்ததுன்னு அவரே ஒரு கதை சொல்லுவார்.

அதே பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறையில் இருந்தவர் யான்ச்சோ மிக்லோஷ். ஹங்கேரியில் நம்மைப்போல குடும்பத்து அடையாளம் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். இன்ஷியலை விரிச்சு எழுதின மாதிரி இருக்கும். 1940-களின் பிற்பகுதியில் அவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். எலியின் கண்ணில் கேப்சைசின் கரைசலை ஒரு சொட்டு விட்டால் அது முன்னங்காலால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கும். கேப்சைசினைத் திரும்பத் திரும்பக் கொடுத்து வந்தால் ஒரு கட்டத்தில் துடைப்பதை நிறுத்திவிடும். பழகிப்போச்சுன்னு விட்டுடலாம், நாமளா இருந்தா விட்டிருப்போம். அவர் விடல. அதே எலியின் கண்ணில் கடுகு எண்ணெயின் காரச்சத்து போன்ற வேறு எரிச்சல் பொருள்களை விட்டார். அதற்கும் துடைக்கவில்லை. பிறகு கண்ணை மெல்லத் தொட்டுப் பார்த்தார். உடனே இமை மூடியது.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. கண் மரத்துப் போகல. தொட்டால் தெரியுது. ரசாயன எரிச்சல் மட்டும் தெரியல. அப்படின்னா தொடுதலுக்கு ஒரு வயரு, எரிச்சலுக்கு இன்னொரு வயரு. மிளகாய் அந்த ரெண்டாவது வயரை மட்டும் குறிபார்த்து அணைக்குது. வலி என்பது தொடுதல் அதிகமானால் வருவதா, இல்லை தனியாக ஒன்றா என்று ஐரோப்பாவில் நூறு வருடமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சண்டையில் இது ஒரு பெரிய சாட்சி.

எங்க அம்மா விஷயத்துக்கும் இதுல பாதி பதில் இருக்கு. நாற்பது வருஷமா தினமும் அடுப்படியில மிளகாய் நெடியில நிக்கிறவங்க. முழுப் பதில்னு சொல்ல மாட்டேன், பிடிவாதமும் கொஞ்சம் இருக்கு. மெக்சிகோ கிராமம் ஒன்றில் பால் ரோசின் என்ற உளவியலாளர் 1980-ல் எழுதிய ஆய்வில், மனிதர்கள் சிறு வயதிலிருந்து மெல்ல மெல்ல மிளகாயை விரும்பப் பழகுகிறார்கள் என்றும், அதே வீட்டு மிச்சத்தைத் தின்று வளரும் பன்றிக்கும் நாய்க்கும் அந்த விருப்பம் வருவதில்லை என்றும் காட்டினார். மிளகாய் வேணும்னு கேட்கிறது மூளை. உறைக்கலைன்னு சொல்றது நரம்பு. ரெண்டும் வேற.

வளர்ந்த எலியில் இந்த அணைப்பு நிரந்தரமில்லை. நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ உணர்வு பெரும்பாலும் திரும்பி வரும். யான்ச்சோ மிக்லோஷ் 1966-ல் இறந்தார். அவருடைய மனைவி அவ்ரேலியா யான்ச்சோ-காபோரும், மாணவர் யானோஷ் சோல்ச்சானியும் சேர்ந்து முடித்த முக்கியமான கட்டுரை, அவர் பெயரை முதலில் தாங்கி அடுத்த வருடம் வெளியானது.

இப்ப கதையோட நடுப்பகுதிக்கு வந்துட்டோம். 1977. நேச்சர் இதழில் மூன்று பக்கக் கட்டுரை. எழுதியவர்கள் யான்ச்சோ காபோர், கிராய் எலிசபெத், கூடவே அதே அவ்ரேலியா. அவர்கள் செய்தது சொல்வதற்கு எளிது. கேப்சைசினை வளர்ந்த எலிக்குக் கொடுக்காமல், பிறந்து இரண்டு நாளான குட்டிக்குத் தோலுக்கடியில் ஒரே ஒரு ஊசியாகக் கொடுத்தார்கள். அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம்.

இந்த அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், எனக்கு அப்படிப் போட்டாத்தான் மனசுல நிக்கும். ரெண்டு நாள் எலிக்குட்டி சுமார் 7 கிராம் இருக்கும். முடி முளைச்சிருக்காது, கண் திறக்க இன்னும் ரெண்டு வாரம் ஆகும். அதுக்குப் போற மருந்து 0.35 மில்லிகிராம். காய்ஞ்ச மிளகாயில ஆயிரத்துல மூணு பங்கு கேப்சைசின்னு வெச்சுக்கிட்டா, பத்துல ஒரு கிராம் மிளகாயோட சத்து. ஒரு வத்தலோட நுனியைக் கிள்ளின அளவு. ஆனா அதே கணக்குல 3 கிலோ மனிதக் குழந்தைக்குன்னு பார்த்தா ஐம்பது கிராம் வத்தலோட மொத்தச் சத்தையும் ஊசியில ஏத்தணும். அதனால தாய் சாப்பிட்ட ரசத்தால பிள்ளைக்கு நரம்பு போயிடுமான்னு யாரும் மெயில் போடாதீங்க. இது சாப்பாட்டுக் கதையே இல்லை.

குட்டிகள் வளர்ந்தன. பார்க்க மற்ற எலிகளைப் போலத்தான் இருந்தன. கண்ணில் கேப்சைசின் சொட்டு விட்டால் துடைக்கவில்லை. ஒரு மாதம் கழித்தும் இல்லை, பல மாதம் கழித்தும் இல்லை. சாகும்வரை இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. முதுகுத்தண்டின் பக்கத்தில், உணர்வு நரம்புகளின் உடல்பகுதி கொத்துக்கொத்தாக இருக்கும் முடிச்சுகள் உண்டு. அவற்றில் சிறிய வகைச் செல்களில் பெரும்பங்கு செத்துப்போயிருந்தன. வளர்ந்த எலியில் மிளகாய் வயரின் நுனியைத்தான் பொசுக்குகிறது. பிறந்த குட்டியில் வயரின் வேரையே எடுத்துவிடுகிறது. உணர்வு நரம்புச் செல் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது.

மருந்து ஒண்ணுதான். எடைக்கு ஏத்த அளவும் ஒண்ணுதான். மாறினது தேதி மட்டும். இன்னும் கவனிச்சால், இந்த அழிவு நடக்கும் ஜன்னல் பிறந்த முதல் சில நாட்களில்தான் அகலமாகத் திறந்திருக்கிறது. நாள் போகப் போகச் சுருங்குகிறது. கம்ப்யூட்டர் பாஷையில சொல்லணும்னா, ஓடிக்கிட்டு இருக்கிற ப்ரோகிராமை நிறுத்தறதுக்கும், இன்ஸ்டால் ஆகிக்கிட்டு இருக்கும்போதே ஃபைலை அழிக்கறதுக்கும் இருக்கிற வித்தியாசம். இந்த உதாரணமும் முழுசாப் பொருந்தாது, ஏன்னா கம்ப்யூட்டர்ல மறுபடி இன்ஸ்டால் பண்ணிக்கலாம்.

"வலியே தெரியாத எலியா? வரம்தானே அது?" அப்படின்னு என்கூட வேலை பார்க்கிற ஒருத்தர் கேட்டார். அம்பத்தூர் எஸ்டேட்ல டீக்கடையில நின்னுக்கிட்டு இந்தக் கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. அந்த எலிகளுக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கணும். அவற்றின் கருவிழியில் புண் வந்தது. முகத்திலும் கழுத்திலும் தோல் காயங்கள் வந்தன. தோலில் எரிச்சல் பட்டால் அந்த இடம் சிவந்து வீங்கி ரத்த ஓட்டம் கூடும் இல்லையா, அந்த வேலையையும் இதே நரம்புகள்தான் செய்கின்றன, அதுவும் நின்றுபோனது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பீட்டர் ஹோல்சர் 1980-களில் செய்த சோதனைகளில், இந்த நரம்புகள் இல்லாத எலிகளின் இரைப்பையில் புண் எளிதாக வந்தது. மிளகாய் சாப்பிட்டா அல்சர் வரும்னு நாம சொல்றோம். வயித்தைக் காக்கிற காவல்காரனும் மிளகாய்க்குப் பதில் சொல்ற அதே நரம்புதான்னு இந்த எலிகள் காட்டுச்சு. சர்க்கரை நோயில் கால் உணர்ச்சி போனவங்க வீட்டுல இருந்தா உங்களுக்கு இது உடனே புரியும். செருப்புக்குள்ள இருந்த சின்னக் கல்லு தெரியாமப் போய், அது புண்ணாகி, எங்க தாத்தாவுக்கு ஒரு விரலை எடுத்தாங்க. வலிக்கவே இல்லைன்னு அவர் கடைசிவரைக்கும் பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தார்.

1977-க்கு அப்புறம் இந்த எலிகள் உலகம் முழுக்க ஆய்வகங்களுக்குப் பரவின. இங்க ஒரு குழப்பத்தையும் மறைக்காமச் சொல்லணும். ரசாயன எரிச்சல் போச்சுங்கறதுல எல்லாருக்கும் ஒரே முடிவு. ஆனால் சூட்டு வலி? சூடான தட்டில் எலியை விட்டு எத்தனை நொடியில் காலை நக்குகிறது என்று எண்ணுவார்கள். வால் மீது வெளிச்சச் சூடு பாய்ச்சி எப்போது இழுக்கிறது என்று பார்ப்பார்கள். வெந்துபோகாமல் இருக்க ஒரு எல்லை நேரமும் வைப்பார்கள். ஒரு ஆய்வகத்தில் இந்த எலிகள் தாமதமாக இழுத்தன, இன்னொன்றில் வித்தியாசமே இல்லை. 50 மில்லிகிராம் அளவில் குறி வைத்த நரம்புகளோடு பக்கத்து வகை நரம்புகள் சிலவும் சாகின்றன என்று பிறகு தெரிந்தது.

எலிக்கு வலிக்குதுன்னு யார் சொல்றது? கண்ணைத் துடைக்கிறது, காலை நக்கறது, வாலை இழுக்கறது, நமக்குத் தெரியறது அவ்வளவுதான். எங்க ஊர் பூசலார் நாயனார் மனசுக்குள்ளயே கோயிலைக் கட்டி முடிச்சார், பல்லவ ராஜா வந்து தேடினப்போ வெளியில ஒரு செங்கல்லும் இல்லை. வலியும் அந்தக் கோயில் மாதிரிதான்.

1982-ல் நேச்சரில் வந்த இன்னொரு கட்டுரை என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சது. வலி ஆய்வில் பெரிய பெயரான பாட்ரிக் வாலும், மரியா ஃபிட்ஸ்ஜெரால்டும், வேறு சிலரும் எழுதியது. பிறந்தவுடன் கேப்சைசின் பெற்ற விலங்குகளில், கேப்சைசின் தொடாத தொடு உணர்வின் வரைபடமே குழம்பியிருந்தது. உடம்பின் எந்த இடத்தை எந்த நரம்புச் செல் கவனிக்கிறது என்ற ஒழுங்கு மங்கியிருந்தது. ஒரு வகை வயரை ஆரம்பத்திலேயே பிடுங்கினால், மற்ற வயர்கள் தங்கள் இடத்தைக் கண்டுபிடிப்பதிலும் தடுமாறுகின்றன. உடம்பு தன்னைத்தானே வரைஞ்சுக்கிட்டு இருக்கிற நேரத்துல நாம கை வெச்சுட்டோம், அதான் விஷயம்.

இந்தக் கட்டுரையில் பெயர் உள்ள மரியா ஃபிட்ஸ்ஜெரால்டு அடுத்து என்ன செய்தார் என்பதுதான் எலியிலிருந்து நம்ம குழந்தைக்குப் போகிற பாலம். அவர் குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்குப் போனார். ரத்தம் எடுக்கக் குதிகாலில் அடிக்கடி குத்தப்படும் குழந்தைகள். மெல்லிய நார் ஒன்றால் பாதத்தைத் தொட்டு, எவ்வளவு லேசான தொடுதலுக்குக் காலை இழுத்துக்கொள்கின்றன என்று அளந்தார். குத்துப்பட்ட குதிகால், குத்துப்படாத குதிகாலை விட அதிகமாகக் கூசியது. உணர்விழப்புக் களிம்பைத் தொடர்ந்து தடவியபோது அந்தக் கூச்சம் தணிந்தது. இது 1989-ல் வெளியானது.

அந்தக் காலத்தில் மருத்துவம் என்ன நம்பிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால் இதன் கனம் புரியும். பிறந்த குழந்தையின் நரம்பு முதிரவில்லை, அதனால் வலியை உணராது, உணர்ந்தாலும் நினைவிருக்காது என்பது 1980-கள் வரை பரவலான கருத்து. மயக்க மருந்தின் ஆபத்துக்குப் பயந்து, பல மருத்துவமனைகளில் பச்சைக் குழந்தைகளுக்குத் தசையை அசையாமல் வைக்கும் மருந்தையும் லேசான வாயுவையும் மட்டும் கொடுத்துப் பெரிய அறுவை சிகிச்சைகள் செய்தார்கள். குழந்தை அசையாது. அழவும் முடியாது.

இதைக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் நம்ம நாட்டுக்காரர். கன்வல்ஜீத் சிங் ஆனந்த், இந்தூர் மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனவர். இதய அறுவைக்குப் போன குறைமாதக் குழந்தைகள் 16 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப்பேருக்கு வழக்கமான முறையோடு ஃபென்டனில் என்ற வலிநிவாரணியையும் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அது கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன்கள் மிக அதிகமாக ஏறின; அறுவைக்குப் பின்னான சிக்கல்களும் அவர்களுக்குத்தான் அதிகம். 1987-ல் லான்செட் இதழில் அது வெளியானது. அதே வருடம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பிறந்த குழந்தைக்கும் மயக்க மருந்து தரவேண்டும் என்று அறிவித்தது. 1987-ங்க. நான் பிறக்கறதுக்குச் சுமார் பத்து வருஷம் முன்னாடிதான்.

ஆனந்த் அதோடு நிற்கவில்லை, எலிக்குட்டிகளிடம் போனார். பிறந்த முதல் வாரம் தினமும் பாதத்தில் ஊசியால் குத்தப்பட்ட குட்டிகள், சில வாரம் கழித்துச் சூட்டுக்கு மற்ற எலிகளை விட விரைவாகக் காலை எடுத்தன என்று 1999-ல் அவர் குழு எழுதியது. ஆனால் 2001-ல், ஊசிக்குப் பதிலாக ஃபார்மலின் என்ற எரிச்சல் ரசாயனத்தை முதல் வாரத்தில் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தபோது, அந்த எலிகள் வளர்ந்தபின் சூட்டை உணர அதிக நேரம் எடுத்தன. இடையில் 2000-ல் சயின்ஸ் இதழில் அமெரிக்காவின் ரூடா குழு, நீடித்த வீக்கத்தை உண்டாக்கும் கலவையைப் பிறந்த எலியின் பின்னங்காலில் செலுத்தி, வளர்ந்தபின் வலி உணர்வு கூடியதையும் முதுகுத்தண்டில் அந்த நரம்புகள் அடர்ந்து வளர்ந்திருந்ததையும் காட்டியது.

ஆக ஒண்ணுல குறையுது, ஒண்ணுல கூடுது. எந்த ரசாயனம், எவ்வளவு, எந்த நாள், எத்தனை முறை என்பதைப் பொறுத்துத் திசை மாறுது. படிக்கும்போது எனக்கு எரிச்சலாத்தான் இருந்தது, ஒரே வரி பதில் கிடைக்கலையேன்னு. ஆனா இத்தனை சோதனையிலயும் ஒண்ணு மட்டும் வரவே இல்லை. எதுவும் நடக்காத மாதிரி உடம்பு மறந்துபோச்சுங்கற முடிவு.

இந்தியாவுல மிளகாய் ஆராய்ச்சின்னா மைசூரைச் சொல்லாம இருக்க முடியாது. அங்குள்ள சி.எஃப்.டி.ஆர்.ஐ. உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் வி. எஸ். கோவிந்தராஜன் 1985-லிருந்து மிளகாயைப் பற்றி ஐந்து பாகத்தில் ஒரு மாபெரும் ஆய்வுத் தொகுப்பை வெளியிட்டார். செடியின் வரலாறு, சாகுபடி, பதப்படுத்துதல் என்று தொடங்கி, 1991-ல் எம். என். சத்யநாராயணாவுடன் சேர்ந்து எழுதிய ஐந்தாம் பாகத்தில் காரம், வலி, உணர்வு மழுங்குதல் வரை வந்து சேர்ந்தார். வத்தல் தரம் பார்க்கிற வேலையில ஆரம்பிச்ச ஒருத்தர் செகெட் எலிகள் கிட்ட போய் நின்னது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

அந்த வயரோட கதவு எதுங்கறது 1997-லதான் தெரிஞ்சது. சான் ஃபிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகத்தில் மைக்கேல் கேட்டரினாவும் மற்றவர்களும், எலியின் உணர்வு நரம்பு மரபணுக்களைக் குவியல் குவியலாக மிளகாய் உறைக்காத செல்களுக்குள் செலுத்தினார்கள். எந்தக் குவியல் போட்ட செல் கேப்சைசினுக்குப் பதில் சொல்கிறதோ, அதை மறுபடி பிரித்து, மறுபடி சோதித்து, கடைசியில் ஒரே ஒரு மரபணுவுக்கு வந்தார்கள். பைனரி சர்ச் எழுதினவங்களுக்கு இதுல ஒரு தனி சந்தோஷம் இருக்கும். கிடைத்த புரதத்தை இன்று டி.ஆர்.பி.வி.1 என்கிறோம். அது மிளகாய்க்கும் திறக்கிறது, சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்கும் திறக்கிறது. நாம தமிழ்ல மிளகாய் பட்டாலும் எரியுது, நெருப்பு பட்டாலும் எரியுதுன்னு ஒரே வார்த்தைதான் சொல்றோம், கவனிச்சிருக்கீங்களா? கதவு ஒண்ணுதான்னு மொழிக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. பறவைகளின் கதவு கேப்சைசினுக்குத் திறக்காது, அதான் கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்திக் கொத்தித் தின்னுது. ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது, ஆர்டெம் படபூட்டியனோடு பகிர்ந்து. அம்மை அக்கிக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலிக்கு 8 சதவீத கேப்சைசின் பட்டை 2009-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. வளர்ந்தவர்களின் தோலில் வயரின் நுனியை மட்டும் சில மாதம் அணைத்து வைக்கும் அதே பழைய செகெட் வித்தை.

இத்தனையும் சொல்லிட்டு அந்தக் குட்டிகளைப் பத்திப் பேசாம முடிச்சா எனக்கு உறுத்தும். ஏழு கிராம் உயிர், கண்ணு கூடத் திறக்கல. கேப்சைசின் ஊசியால் மூச்சுத் திணறல் வரும் என்பதால் பல ஆய்வகங்களில் மயக்க மருந்து கொடுத்த பிறகே போடுகிறார்கள். ஆனால் வலியை அளக்கும் சோதனையில் மயக்க மருந்து கொடுத்தால் அளக்க எதுவுமே மிச்சமிருக்காது. வலி ஆய்வுக்கே உரிய சிக்கல் இது. 1983-ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முடிந்தால் அந்த வலியை ஆய்வாளர் முதலில் தன் மீது சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது அதில் ஒன்று. நல்ல விதி.

இந்தியாவில் இதற்கான சட்டத்துக்குப் பின்னால் இருப்பவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவால் நமக்குத் தெரிந்தவர். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவுடன் விலங்குவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி தந்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர், தலைமையகம் சென்னையிலேயே பல பத்தாண்டுகள் இருந்தது. அந்தச் சட்டம் விலங்குச் சோதனையைத் தடை செய்யவில்லை. கண்காணிக்கும் குழுவுக்கு இடம் வைத்து, அறுவை சார்ந்த சோதனைகளை முடிந்தவரை வலி தெரியாத அளவு மயக்கத்தில் செய்யவேண்டும் என்று சொன்னது. அந்த "முடிந்தவரை"க்குள்ளதான் இந்த எலிக்குட்டிகள் எல்லாம் விழறாங்க. எனக்கு இதுல தெளிவான நிலைப்பாடு இல்லை. அந்தக் குட்டிகள் இல்லாம இந்த விஷயம் நமக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சதுக்கப்புறமும் அதே ஊசியை வழக்கமா போட்டுக்கிட்டு இருக்கிறது வேற கேள்வி.

போன வாரம் குழந்தைக்குப் பத்தாவது வார ஊசி. ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுத்துக்கிட்டு இருந்தா வலி குறையும்னு உலக சுகாதார அமைப்பு 2015-ல் வெளியிட்ட அறிக்கையில இருக்கு. அக்காகிட்ட சொன்னேன். அவ சிஸ்டர்கிட்ட கேட்டா, அவங்களும் சரின்னு ஓரமா ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாங்க. அழுகை வந்தது, ஆனா பால் வாய்லயே இருந்தது, சீக்கிரம் அடங்கிடுச்சு. அம்மா வாசல்ல நின்னு பார்த்துட்டு, "இதுக்கெல்லாம் ஒரு ஆராய்ச்சியா? நாங்க உங்களுக்கு இப்படித்தான் செஞ்சோம்" அப்படின்னாங்க. உண்மையான்னு அக்காகிட்ட கேட்டேன். அவளுக்கும் ஞாபகம் இல்லை.

அடுத்த எபிசோட்ல தூக்கத்தைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். மிளகாய்க் கதையில ஏதாவது தப்பு இருந்தா எழுதுங்க, திருத்திடறேன்.